ஏர்பிஎன்பி விதி மாறும்போது வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பியிடமிருந்து விதி மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்ததும் கோபம் வருவது நியாயம்தான். வீட்டுக் கடன், பராமரிப்பு, மின்கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். விதியை எழுதுவது மட்டும் வேறு யாரோ. ஆனால் அந்தக் கோபத்தில் மின்னஞ்சலைப் படிக்காமல் மூடிவிட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும்.

அதிகம் பணம் போவது ஏர்பிஎன்பி பிடிக்கும் சேவைக் கட்டணத்தின் கணக்கில். விலையையும் புக்கிங்கையும் ஏர்பிஎன்பிக்கு வெளியே கவனிக்கும் மேலாண்மை சாஃப்ட்வேர் மூலம் வீட்டை நடத்துபவர்களுக்கு 2025 அக்டோபர் 27 முதல் முறை மாறியது. அதுவரை பொதுவாக வீட்டுக்காரரிடம் 3 சதவீதம் பிடித்து, மீதியை விருந்தினரிடம் வாங்கினார்கள். இப்போது பெரும்பாலோருக்கு 15.5 சதவீதம் முழுவதும் வீட்டுக்காரர் பங்கிலிருந்தே போகிறது. 100 டாலர் வாடகைக்கு முன்பு 97 கிடைத்தது. விலையைத் தொடாமல் விட்டால் 84.50தான். வித்தியாசம் 12.5 சதவீதம்தானே என்று விலையை 112.50 ஆக்குவது பலரும் செய்யும் பிழை. ஏற்றிய விலைக்கும் சேர்த்தே கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் 95 டாலர் சொச்சம்தான் நிற்கும். கைக்கு வரவேண்டிய தொகையை 0.845ஆல் வகுங்கள்: 97க்கு 114.80 வரும். சுத்தம் செய்யும் கட்டணத்துக்கும் இதையே செய்யுங்கள். சாஃப்ட்வேரில் விலையை ஏற்றிவிட்டு ஏர்பிஎன்பியிலும் ஏற்றினால் விலை இருமுறை ஏறி வீடு காலியாகவே கிடக்கும். மாற்றியபின் லாகின் செய்யாத பிரவுசரில் ஒரு தேதியைப் போட்டு, விருந்தினருக்குத் தெரியும் மொத்த விலையைப் பாருங்கள்.

அடுத்தது, விருந்தினர் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்று நாம் தேர்ந்தெடுத்த ரத்து விதியே இறுதி என்ற நம்பிக்கை. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, கண்டிப்பான ரத்து விதி வைத்திருந்தவர்களின் புக்கிங்குகளுக்கும் முழுப்பணம் திருப்பித் தரப்பட்டது. அந்தக் காயம் பலருக்கு இன்னும் ஆறவில்லை. 2025 அக்டோபரிலிருந்து, 28 இரவுக்குக் குறைவான தங்கலை செக்-இன்னுக்கு 7 நாளாவது முன்னதாகப் பதிவு செய்தவர் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப்பணம் திரும்பும். எனவே அந்த ஒரு நாள் கழியும்வரை அந்த வருமானத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

வீட்டுக்குள் கேமரா 2024 ஏப்ரல் 30 முதல் முழுத் தடை. அணைத்து வைத்திருந்தாலும் கழற்றிவிடுங்கள். வெளிக் கேமரா இருக்கும் இடத்தை விளம்பரத்திலேயே எழுதுங்கள்.

சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது நல்ல கோரிக்கைகள்கூடத் தள்ளுபடியாவது தாமதத்தால். விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அவர் 24 மணி நேரத்தில் பணம் தராவிட்டால் ஏர்பிஎன்பியைத் தலையிடச் சொல்லலாம். சுத்தம் செய்பவர் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் படமெடுக்கட்டும். விருந்தினர் வருவதற்கு முன் எடுத்த படமும் அதே கோணத்தில் இருக்கட்டும். பழுதுபார்ப்பவரின் மதிப்பீட்டையோ ரசீதையோ சேர்த்து அனுப்புங்கள். போனில் பேசியது ஆதாரமாகாது. பேசி முடித்ததும் அதைத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதி வையுங்கள்.

வெறுத்துப்போய் வந்த புக்கிங்கை நீங்களே ரத்து செய்வது எல்லாவற்றையும்விட விலை அதிகம். செக்-இன்னுக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம், அதற்குள் என்றால் 25, கடைசி 48 மணி நேரத்தில் 50 சதவீதம் அபராதம். குறைந்தது 50 டாலர். தளத்தை விட்டு விலகுவதானால் முதலில் புதிய தேதிகளை மூடுங்கள். ஏற்கெனவே பதிவானவர்கள் தங்கிப் போனபிறகு விளம்பரத்தை எடுத்துவிடலாம்.