யூடியூபில் வராததற்காகப் போங்கள்: வெப் கான்ஃபரன்ஸ் போக நினைக்கும் சிற்றூர் டெவலப்பர்களுக்கு

மதுரையில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு இணையதளம் செய்து கொடுப்பவன் நான். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், இந்த மாதிரி வேலைகள். வேர்ட்பிரஸ், ரியாக்ட் என்று தளம் கட்டும் இரண்டு கருவிகள்தான் சோறு போடுகின்றன. பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு கான்ஃபரன்ஸ் அறிவிப்பு வந்தால் போதும், ஆபீஸ் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "டாக் எல்லாம் யூடியூப்ல வந்துருமேண்ணே, எதுக்குக் காசு குடுத்துப் போகணும்?"

நியாயமான கேள்வி. டாக் கேட்பதற்கு மட்டும் என்றால் போகவே வேண்டாம். 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஈயூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில், பிரௌசருக்குள் ஓடும் அந்த மொழியைச் சர்வரிலும் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை ரயன் டால் அறிமுகப்படுத்திய பேச்சு இன்றும் யூடியூபில் கிடக்கிறது. 2018இல் அதே மேடைக்குத் திரும்பி வந்து, நோட் விஷயத்தில் தான் வருத்தப்படும் 10 சங்கதிகளைச் சொல்லி அதற்கு மாற்றாக டெனோவை எடுத்து வைத்தாரே, அதுவும் கிடக்கிறது. வீட்டில் கைலி கட்டிக்கொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிடலாம்.

கேமராவில் விழாதது ஒன்று இருக்கிறது. டாக் முடிந்ததும் காபி கப்போடு வெளியே நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது. 2013 மே மாதம் அமெரிக்க ஜேஎஸ்கான்ஃபில் ரியாக்ட் வெளியானபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் பக்கம் தப்பு என்று காலம் காட்டியது. ஆனால் மேடையில் மின்னிய எத்தனையோ சரக்கு ஓசையில்லாமல் போயும் இருக்கிறது. எது எந்த ரகம் என்று, அதை ஆறு மாதம் நிஜத் தளத்தில், அதாவது ப்ரொடக்‌ஷனில் ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் உங்களைத் தனியாக ஒதுக்கி, "அந்தப் பக்கமே போயிடாதீங்க" என்பார். மைக்கில் சொல்ல மாட்டார். கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட் அல்லவா மாட்டியிருக்கிறார்!

சரி, அந்தப் பேச்சுக்குள் நுழைவது எப்படி? என் அனுபவத்தில் ஒரே வழிதான்: கையில் உங்களுடைய சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கைப் படிவம் செய்துகொண்டிருந்தோம். அடையாள அட்டையில் இடம் குறைவு என்பதால் பெயருக்கு 15 எழுத்து என்று மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) வைத்திருந்தது. மதுரையில் மீனாட்சிசுந்தரத்துக்குப் பஞ்சமா? "மீனாட்சிசுந்தரம்" என்று தட்டினால் கடைசிப் புள்ளி விழவே மாட்டேன் என்றது. நம் கண்ணுக்கு அந்தப் பெயர் 9 எழுத்து. பிரௌசருக்கோ 16, ஏனென்றால் அது துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அளவை 30 ஆக்கினால் அட்டையில் பெயர் வெளியே பிதுங்குகிறது. இந்தப் படிவத்தைப் போனில் வைத்துக்கொண்டு பெங்களூரில் ஒரு கான்ஃபரன்ஸில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் கன்னடப் படிவங்களோடு மல்லுக்கட்டுபவர். பார்த்த உடனே, "இன்டல்.செக்மென்டர் போட்டுப் பாருங்க, கிராஃபீம் கணக்குல எண்ணும்" என்றார். கிராஃபீம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற முழு எழுத்து, துணைக்காலும் புள்ளியும் அதோடு சேர்த்தி. ரசம் ஊற்றுவதற்குள் அடுத்ததும் வந்தது: க்ஷ-வை அது இரண்டாகத்தான் எண்ணும், லக்ஷ்மி மாதிரிப் பெயர்களை வைத்துச் சோதித்துவிடுங்கள். இன்டல்.செக்மென்டர் குரோமில் 2020இலேயே வந்துவிட்ட வசதி. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில், 125ஆம் பதிப்பில்தான் வந்தது. கூகுளில் இருக்கிற விஷயம்தான், ஆனால் அந்தப் பெயர் தெரியாமல் எதைப் போட்டுத் தேடுவது?

ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் இதைச் செய்யுங்கள். உங்கள் புராஜெக்ட்டில் இழுத்தடிக்கும் ஒரு சிக்கலை எடுங்கள். வாடிக்கையாளர் பெயர், மற்ற புரோகிராம் கோடு எல்லாவற்றையும் உருவிவிட்டு, அந்தத் தவறு மட்டும் தெரிகிற ஒற்றைப் பக்கமாக ஆக்குங்கள். அதைப் போனிலேயே நெட் இல்லாமல் திறக்கும்படி வையுங்கள். நூற்றுக்கணக்கான லேப்டாப் கூடும் ஹாலில் வைஃபை படுத்துவிடும், அதை நம்ப வேண்டாம். அப்புறம், சிக்கலை இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். பாதி நேரம் அப்படிச் சுருக்கும்போதே விடை கிடைத்துவிடும். கிடைத்தாலும் நல்லதுதான், அடுத்த சிக்கலைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

எந்தக் கான்ஃபரன்ஸ்? முதல்முறை என்றால் வேர்ட்பிரஸ்காரர்கள் கூடும் வேர்ட்கேம்ப்தான் என் சிபாரிசு. 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது, இப்போது அந்தந்த ஊர்க்காரர்களே தன்னார்வத்தில் நடத்துகிறார்கள். பேச்சாளருக்கும் சம்பளம் கிடையாது, செலவில் பெரும்பகுதியை ஸ்பான்சர்கள் ஏற்பதால் டிக்கெட் கையைக் கடிக்காது. ஹேப்பினஸ் பார் என்று ஒரு மேசை போட்டிருப்பார்கள். பேர்தான் அப்படி, அது உதவி மேசை. உங்கள் தளத்தைத் திறந்து காட்டினால் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார்கள், காசு கிடையாது. பல வேர்ட்கேம்ப்களில் வேர்ட்பிரஸுக்கே வேலை செய்து கொடுக்க கான்ட்ரிபியூட்டர் டே என்று தனி நாளும் உண்டு. இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், சொல்லப்போனால் எனக்கு அதுதான் கான்ஃபரன்ஸே. மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தால் வேர்ட்பிரஸின் தமிழ்ச் சொற்றொடர்களை நீங்களே எழுதலாம். எழுதியது உடனே ஏறிவிடாது, எடிட்டர் ஒப்புதல் தரும்வரை காத்திருப்பில் நிற்கும். "சப்மிட்" என்று ஆறு எழுத்து ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" எப்படி முட்டிக்கொண்டு நிற்கும் என்பது அங்கேதான் உறைக்கும். "அனுப்பு" போதுமே என்று நான் வாதாடியிருக்கிறேன். மரியாதை குறைகிறது என்று எதிரே உட்கார்ந்திருந்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அனுப்புக" என்று முடிந்தது.

இந்த மாதிரிச் சில்லறை வாதங்கள் கூடுகிற இடத்தில்தான் பெரிய முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. நம்மில் பலர் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பிறந்ததுதான்.

மற்றவை: ரியாக்ட்டில் ஆழமாக இறங்கியவர்களுக்கு கோவாவில் 2019இல் தொடங்கிய ரியாக்ட் இந்தியா இருக்கிறது. டிக்கெட்டோடு தங்கும் செலவும் சேரும், கம்பெனி தலையில் கட்ட முடிந்தால் போங்கள். பைத்தான் மொழியில் தளம் கட்டும் ஜாங்கோ ஆட்கள் 2009 முதல் நடக்கும் பைகான் இந்தியாவைப் பார்க்கலாம். அது ஊர் ஊராகச் சுற்றும், 2019இல் சென்னைக்கே வந்தது. எதுவானாலும் முன்பதிவுச் சலுகை முடிவதற்குள் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

முதலாளியிடம் கேட்பது எப்படி என்று கேட்பார்கள். நானே முதலாளி என்பதால் எந்த மனு எடுபடும் என்று சொல்ல முடியும். "நிறையக் கத்துக்கலாம் சார்" எடுபடாது. "நம்ம செக்அவுட் பக்கம் மொபைலில் திணறுது, இந்த இரண்டு பேர் அதைப் பற்றித்தான் பேசுறாங்க, வந்து புதன்கிழமை டீமுக்கு அரை மணி நேரம் சொல்றேன்" என்று வந்தால் பணம் கொடுத்துவிடுவேன்.

எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு தகவல். மதுரை–பெங்களூரு வந்தே பாரத் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. ஆனால் காலையில் கிளம்பி மதியம்தான் போய்ச் சேரும், அதற்குள் பாதி நாள் போச்சு. முந்தின நாள் இரவு தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ்தான் சரிப்படும்.

போய் இறங்கியதும், எல்லா டாக்குக்கும் உட்கார வேண்டும் என்ற சபதத்தை விட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று போதும், அதுவும் ஓரத்து நாற்காலியில். பேச்சு சப்பென்று இருந்தால் எழுந்து வெளியே வந்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூட வந்த ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து சாப்பிடாதீர்கள். அவர்களோடு தினமும்தானே சாப்பிடுகிறோம்? கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொந்தக் கதை பேசும் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவராக நீங்கள் இருக்க வேண்டாம், கேள்வியைப் பேச்சாளர் கீழே இறங்கியதும் கேளுங்கள். ஸ்பான்சர் ஸ்டால்களில் ஸ்டிக்கர் வாங்குவதோடு நிற்காமல், அங்கே நிற்பவர் எஞ்சினியரா விற்பனைக்காரரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். எஞ்சினியர் என்றால் அவருடைய சரக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்று கேளுங்கள், பலர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

சிறிய ஊர்ப் பிள்ளைகளைத் தடுப்பது காசைவிட இங்கிலீஷ் பயம்தான். நான் பார்த்தவரை ஹாலுக்கு வெளியே காபி குடிக்கும் அந்த வராந்தாவில் பாதிப்பேர் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறார்கள். போனில் ஓடும் டெமோவுக்கு இலக்கணம் தேவையில்லை. போதாததற்கு, பெங்களூரில் எந்த ஹாலிலும் பத்து நிமிடத்துக்குள் "நீங்க தமிழா?" என்று ஒருவர் கேட்டுவிடுவார்.

திரும்பும் ரயிலிலேயே குறிப்பு எழுதிவிடுங்கள்: யார், எதைப் பற்றிப் பேசினோம், என்ன முயன்று பார்ப்பதாகச் சொன்னோம். லிங்க்ட்இன்னில் சேர்த்தால் மட்டும் போதாது. ஒரு வாரத்துக்குள் "நீங்கள் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன், இப்படி வந்தது" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். அந்தக் கன்னடப் படிவக்காரருக்கு லக்ஷ்மி சோதனையின் முடிவை அனுப்பினேன், இன்றுவரை ஏதாவது உடைந்தால் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த வருஷத்துக்குப் பேச்சாளர் அழைப்பு வந்தால், உங்களுக்கு விடை கிடைத்த அதே சிக்கலையே ஐந்து நிமிட மின்னல் பேச்சாக அனுப்பிப் பாருங்கள். பல கான்ஃபரன்ஸ்களில் அதற்கு அங்கேயே பெயர் கொடுத்தால் போதும். தலைப்பு எதுவும் தோன்றவில்லை என்றால் மீனாட்சிசுந்தரத்தின் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.