முக்கால் மணிப் பயணம், பத்தொன்பது மணி நேரம்

புதுச்சேரியிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவான ரெயூனியோனுக்குக் குடிவரும் நம்மவர்களுக்கு இது. பிறப்புச் சான்றிதழ், அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, தூதரக வரிசை பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் அதில் கரைகண்டவர். ஒன்று மட்டும்: இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. இந்தத் தீவு பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது.

இனி எனக்கு விழுந்த அடி. மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கும் ரெயூனியோனின் ரோலான் கரோஸுக்கும் நடுவே ஏறத்தாழ 230 கிலோமீட்டர். நாம் திருச்சிக்குப் போவதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். விமானத்தில் முக்கால் மணி நேரம். இரு தீவுகளுக்கும் கடிகாரம் ஒன்றே, இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். சென்னையிலிருந்து மொரீஷியஸுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து இங்கே தாவ இன்னொன்று எனத் தனித்தனியாக எடுத்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்றார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன்.

சென்னை விமானம் ஒரு மணி நேரம் தாமதம். டிக்கெட் வேறு வேறானால் பெட்டி தானாக மாறாது. குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து வெளியே வந்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். எனக்கு முன்னால் தேனிலவுக்கு வந்த ஜோடிகளாக நின்றன. அம்மா சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பிய பெட்டியோ கடைசியாக உருண்டு வந்தது. ஓடினேன். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்களாம். முதல் விமானத்தின் தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அங்கிருந்த பெண் புன்னகை மாறாமல் சொன்னார். புது டிக்கெட், ஓர் இரவு விடுதி என்று எட்டாயிரத்தைப் போல மூன்று மடங்கு கரைந்தது. பத்தொன்பது மணி நேரம் கழித்துத்தான் இங்கே கால் வைத்தேன்.

ஒரே டிக்கெட்டாக எடுங்கள். சென்னையில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊர் ரெயூனியோன்தானா என்று கேட்டுவிட்டு நகருங்கள். டிக்கெட்டில் பியேர்ஃபோன் என்றிருந்தால் அது தீவின் தெற்கே இருக்கும் இன்னொரு விமான நிலையம். அழைத்துப் போக வரும் மாமா வடக்கே ரோலான் கரோஸில் நின்றுகொண்டிருப்பார். பாரிஸ் டென்னிஸ் அரங்குக்கும் இதே பெயர் என்பதால், ரோலான் கரோஸ் டென்னிஸ் வீரர் என்று அவரிடம் சொல்லி வைக்காதீர்கள். 1888-ல் இங்கே பிறந்த விமானி அவர்.

நெய் கொண்டுவராதீர்கள். இங்கே ஐரோப்பியச் சுங்க விதி, பால் பொருளும் இறைச்சியும் உள்ளே வராது. அம்மா உருக்கிய நெய் என் கண்ணெதிரே குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. கறிவேப்பிலையும் வேண்டாம். இங்கே சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத கடைக்காரப் பாட்டி அதை எடுத்து நீட்டி, “கலுபிலே” என்றார்.