ஆட்டுப் படம் போட்ட கம்பளிக் கவுல்: வரையும்போதே நடக்கும் தவறுகள்

கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் புல்வெளியில் செம்மறிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவே கிராஃப் தாளை எடுத்து ஓர் ஆட்டை வரைந்தேன். பின்னத் தெரிந்தவர்களுக்கு அங்கே போய்வந்தால் கை சும்மா இருக்காது. கழுத்தைச் சுற்றி வளையமாக உட்காரும், முனை தொங்காத மஃப்ளர், அதாவது கவுல், அதில் ஆடுகள் வரிசையாக நடந்து போகவேண்டும் என்று ஆசை. அந்த முதல் கவுலைப் பாதியிலேயே பிரித்துவிட்டேன். பிறகு நான் பின்னியவற்றிலும், என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களின் கைவேலையிலும் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: படத்தை முடிவு செய்துவிட்டு நூலை அப்புறம் தேடுகிறோம். நூல்தான் முதலில் வரவேண்டும்.

ஆட்டுக் கம்பளி என்று கேட்டு வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆட்டுக்கு ஆடு கம்பளி மாறும். சமவெளியில் வளரும் மேச்சேரி ஆட்டின் உடம்பில் இருப்பது கம்பளியே இல்லை, முடி. கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டின் கம்பளி முரடு, போர்வைக்குச் சரி, கழுத்தில் குத்தும். அந்தக் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானதுதான் நீலகிரி ஆடு. அதை ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில் காப்பாற்றி வருகிறார்கள். மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி மையம் வளர்ப்பது பாரத் மெரினோ. இரண்டுமே மெல்லிய கம்பளி. எந்த நூலானாலும் உள்ளங்கையில் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், காதுக்குக் கீழே கழுத்தில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

கடையில் உல்லன் என்று கொடுக்கும் நூல் பல நேரம் அக்ரிலிக்காக இருக்கும். ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து எரித்தால் தெரிந்துவிடும்: கம்பளி, முடி கருகும் வாசனை வந்து சாம்பலாக நொறுங்கும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். இரண்டையும் ஒரே கவுலில் கலக்க வேண்டாம். அலசியதும் கம்பளி பூரித்துக் கண்ணிகளை, அதாவது பின்னலின் ஒவ்வொரு சுருக்கையும், நிரப்பும், அக்ரிலிக் இருந்தபடியே இருக்கும், படம் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

சரி, இனி படம். கிராஃப் தாளில் கட்டம் சதுரம், ஆனால் பின்னலில் கண்ணி சதுரம் இல்லை, உயரத்தைவிட அகலம் அதிகம். என் கையில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 28 வரிசை வந்தது. தாளில் 14 கட்டம் அகலம், 14 கட்டம் உயரம் என்று வரைந்த ஆடு, பின்னியதும் 6.4 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமுமாக நசுங்கிப்போனது. அதே ஆட்டுக்கு 18 வரிசை கொடுத்தபோது கால்கள் சரியாக நின்றன. அதனால் மாதிரித் துண்டு பின்னாமல் வரையவே கூடாது. அந்தத் துண்டையும் சர்க்குலர் ஊசியில் (இரண்டு ஊசி முனைகளைக் கம்பி இணைத்திருக்கும்) வட்டமாகவே, இரண்டு நிறத்தோடு பின்னி, அலசிக் காயவைத்து அளக்க வேண்டும். தட்டையாக ஒரே நிறத்தில் பின்னிய துண்டின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

கணக்கு என்றதும் இன்னொன்று. 58 செ.மீ. சுற்றளவுக்கு எனக்கு 128 கண்ணி வேண்டும். இடைவெளியோடு ஓர் ஆட்டுக்கு 16 கண்ணி என்றால் 8 ஆடு கச்சிதமாக உட்காரும். 18 கண்ணி வைத்தால் ஏழு ஆட்டுக்கு 126 கண்ணி, அதுவும் பரவாயில்லை, ஆனால் ஓரத்துக்கு 2×2 ரிப் (இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என மாறி வரும் இழுபடும் பின்னல்) போட முடியாது, 126 நான்கால் வகுபடாது. 128 கண்ணியைப் போட்டுவிட்டு 18 கண்ணி ஆட்டைப் பின்னத் தொடங்கினால் கடைசியில் இரண்டு கண்ணி எங்கும் சேராமல் நிற்கும்.

மிகப் பெரிய தவறு ஆட்டின் உடம்பில் நடக்கிறது. வெள்ளை ஆடு என்று உடம்பு முழுவதும் வெள்ளையாக வரைகிறோம். ஒரே வரிசையில் 11 வெள்ளைக் கண்ணி வந்தால் அந்த 11 கண்ணிக்கும் பின்னால், பின்னணிக்கான கறுப்பு நூல் 5 செ.மீ. நீளத்துக்குச் சும்மா ஓடும். போடும்போது விரலும் தோடும் மாட்டும். இழுத்துப் பின்னியிருந்தால் ஆடே சுருங்கிவிடும். 5 கண்ணிக்கு ஒருமுறை பின்நூலைச் சிக்கவைத்துக்கொண்டு போகலாம், ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் அதே இடத்தில் சிக்கவைத்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு எட்டிப்பார்க்கும். அதைவிட நல்ல வழி ஆட்டிடமே இருக்கிறது. கத்தரிப்பதற்கு முன் செம்மறியின் முதுகைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சுருள் சுருளாக நிழல் விழுந்து கிடக்கும். மூன்று நான்கு கண்ணிக்கு ஒரு கறுப்புப் புள்ளியை மாற்றி மாற்றி வைத்தால் அந்தச் சுருளும் வந்துவிடும், பின்னால் நீள நூலும் இருக்காது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாயம் போடாத கம்பளியின் வெள்ளையில் கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கும். அதை வெளிர்ப்பழுப்புப் பின்னணியில் வைத்தால் ஆடு காணாமல் போகும். புல் பச்சையும் செம்மண் சிவப்பும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் நிறத்தின் கருமை ஒரே அளவாக இருந்தால் பின்னலில் கலங்கிவிடும். நூல் உருண்டைகளைப் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள், அதில் பிரிந்து தெரிந்தால்தான் கவுலிலும் பிரியும். அடர் சாய நூலை ஈரவெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பின்னும்போது பின்பக்கத்தில் ஆட்டின் நூல் கீழேயும் பின்னணி நூல் மேலேயும் ஓடட்டும், நடுவில் மாற்ற வேண்டாம். கீழே ஓடும் நிறம்தான் முன்பக்கம் எடுப்பாக நிற்கும்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரியும் இழை எண்ணிப் போடுவதுதான் என்பதால் அதன் வடிவங்களைக் கிராஃபில் இறக்கத் தோன்றும். அது அவர்கள் கைவேலை, 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் பின்னலுக்கு அந்தப் பெயரை வைத்து விற்கக்கூடாது.

முடித்ததும் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி திரைந்து கெட்டியாகிவிடும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஒற்றி எடுத்து, தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள், கொடியில் தொங்கவிட்டால் ஈரக்கனத்தில் நீண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே முழுதாகக் காய மூன்று நான்கு நாள்கூட ஆகும், அதுவரை கழுத்தில் போடாதீர்கள்.