அன்னத்தை அடையாளமாகக் கொள்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தியானம் செய்யும் இடத்தில் மாட்ட அன்னப் படம் தேடினால் முதலில் கிடைப்பது, ஆரஞ்சு அலகும் வளைந்த நீள்கழுத்தும் கொண்ட ஐரோப்பிய ஏரிப் பறவைதான். முதல் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பறவை இந்தியாவுக்கு எப்போதாவது வழிதவறி வருவதோடு சரி. அன்னத்துக்கு வடமொழிப் பெயரான ஹம்சம் இமயத்தைத் தாண்டி வலசை போகும் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று கருதுவோர் பலர். ஹம்சம் என்ற சொல்லே வாத்தினத்தைக் குறிக்கும் லத்தீன் 'அன்சர்' என்ற சொல்லுக்கு உறவு.

புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடும் அன்னச் சேவலைப் பாருங்கள். குமரித் துறையில் அயிரை மீனை வயிறாரத் தின்றுவிட்டு வடமலைக்குப் புறப்படுகிற பறவை அது. வழியில் உறையூரில் இறங்கி என் பெயரைச் சொல், உன் பேடைக்கு நகை தருவான் என்கிறார் புலவர். பாலைத் தவிர வேறெதையும் தொடாத தவசிப் பறவையை அங்கே தேடினால் கிடைக்காது.

அந்தப் பால் கதைக்கு வருவோம். பாலில் கலந்த நீரை எந்தப் பறவையின் அலகாலும் பிரிக்க முடியாது. தாமரைத் தண்டில் ஊறும் பாலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று விளக்குவோரும் உண்டு. எப்படியானாலும் அதைப் பறவையியல் செய்தியாகப் படிப்பது வீண் வேலை. நாலடியார் அந்தப் பறவையைக் குருகு என்றே சொல்கிறது. கல்விக்குக் கரையில்லை, கற்பவருக்கு நாள் குறைவு, அதிலும் நோய்கள் பல. ஆகவே தேர்ந்து படிக்க வேண்டும் என்பதற்கு உவமை அது. சலிக்கப்படுவது நாம் படிப்பவை. ஆனால் விவேகம் பழகத் தொடங்கிய சிலர், பக்கத்தில் உட்கார்ந்து ஜபம் செய்கிறவரிடம் எது பால், எது தண்ணீர் என்று பிரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அன்னம் அவர்களிடம் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

உள்ளங்கை நடுவே கண் வரைந்த தாயத்து ஒன்று 'ஹம்சா' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அது அரபியில் ஐந்தைக் குறிக்கும் 'கம்சா'. விரல்கள் ஐந்து, அவ்வளவுதான். பறவைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வெள்ளை என்றால் தூய்மை, தூய்மை என்றால் அன்னம் என்று முடிச்சுப் போடுவதும் அவசரம். சிவன் கோயில் கருவறையின் மேற்குப் புறச் சுவரில் லிங்கோத்பவரைக் கண்டிருப்பீர்கள். கீழே மண்ணைத் தோண்டும் வராகம் திருமால். மேலே மூலையில் சிறிதாகப் பறக்கும் அன்னம் பிரமன். நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைக் காணாமலேயே கண்டதாகத் தாழம்பூவைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னது அந்த அன்னம்தான். கிரேக்கப் புராணத்தில் லீடா என்ற அரசியை ஏமாற்றத் தலைமைக் கடவுள் ஜீயஸ் எடுத்த வடிவமும் அன்னமே. பின்லாந்துப் பழங்கதையில் அது துவோனலா என்னும் இறந்தோர் உலகின் ஆற்றில் நீந்துகிறது. வெண்மையைப் பொறுத்தவரை, 1697இல் டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவில் கருப்பு அன்னங்களைக் கண்டார்கள். கனவில் அன்னம் வந்தது, நல்ல சகுனம் என்று ஒரே வரியில் பலன் எழுதுவோர் இவற்றையெல்லாம் எங்கே வைப்பார்களோ!

பயிற்சியில் அதிகம் சிக்கலாவது மூச்சு. உள்ளே போவதும் வெளியே வருவதும் 'ஹம்', 'ஸ' (சேர்த்தால் ஹம்ஸ, அதாவது அன்னம்) என்று தாமே ஒலிப்பதாகவும், ஒரு நாளில் இது 21,600 முறை நிகழ்வதாகவும் யோக நூல்கள் சொல்கின்றன. நிமிடத்துக்கு 15 என்ற கணக்கு அது. இதை இலக்காக எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தானாக நடப்பதால்தானே அதற்கு அஜபா, அதாவது ஜபிக்கப்படாத ஜபம், என்று பெயர்? சற்று வேகமாக நடந்தாலே எண்ணிக்கை மாறிவிடும். 'ஹம்' உள்மூச்சா வெளிமூச்சா என்ற சண்டையும் வேண்டாம். நூல்களிலேயே இரண்டு மரபும் உண்டு. உங்களுக்குக் கற்பித்தவர் சொன்னபடி செய்யுங்கள். நடுவில் மூச்சு முட்டினால் எழுத்தை விட்டுவிடுங்கள், மூச்சை அதன் போக்கில் விடுங்கள்.