மாதிரிக் கப்பலுக்கு உச்சிப் பாய் கட்டுவது எப்படி?

கன்னியாகுமரி கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிற குட்டிக் கப்பல்களைப் பாருங்கள், பல கப்பல்களில் அடியிலிருந்து உச்சி வரை எல்லாப் பாயும் ஒரே அளவு. நாமே செய்யும்போது உச்சியை ஒழுங்காகக் கட்டினாலே தனிக் களை வந்துவிடும்.

முதலில் எந்தக் காலத்துக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள். குளச்சல் போருக்கு 1741இல் வந்த டச்சுக் கப்பல் மாதிரி என்றால் ஒரு பாய்மரத்தில் கீழிருந்து மேலாக அடிப்பாய், டாப்செயில், டாப்கேலன்ட் என்று மூன்று பாயோடு நிறுத்துங்கள். அதற்கு மேலே வரும் ராயல் என்ற பாய் பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். 1869இல் ஸ்காட்லாந்தில் வெள்ளோட்டம் விட்ட கட்டி சார்க் என்ற கப்பல் என்றால் ராயலுக்கும் மேலே ஸ்கைசெயில் என்று ஒரு சின்னப் பாய் உண்டு, ஆனால் நடுப் பாய்மரத்தில் மட்டும். அழகாக இருக்கிறதே என்று மூன்று மரத்திலும் மாட்டிவிடாதீர்கள்!

சரி, இனி காகிதத்தில் அளவு வெட்டுங்கள். ராயலின் கீழ் விளிம்பு டாப்கேலன்டின் மேல் விளிம்போடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், மேல் விளிம்பு இன்னும் குறுகல். துணிக்குப் பழைய வேட்டி போதும். நிஜக் கப்பலிலும் உச்சிப் பாய் மெல்லிய துணிதான், ஏனென்றால் இளங்காற்றில் விரிப்பதற்கான பாய் அது. காற்று வலுத்தால் முதலில் சுருட்டுவதும் அதைத்தான். அதனால் கொந்தளிக்கிற கடல் மாதிரி செய்து அதில் கப்பலை வைக்கப் போகிறீர்கள் என்றால் ராயலைச் சுருட்டியே கட்டுங்கள், வேலையும் மிச்சம்.

பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலுக்கு ஈர்க்கில் எடுத்து இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்குங்கள். நம்ம ஊரில் ஈர்க்கிலுக்கா பஞ்சம்?

அப்புறம் கயிறு. ராயலின் கீழ்மூலை இரண்டையும் அதற்குக் கீழேயுள்ள பருமலின் முனைகளுக்கு இழுத்துக் கட்ட வேண்டும், மரத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பருமலின் நடுவிலிருந்து ஒரு நூல் மேலே போய், மரத்தைத் தாண்டி தளத்துக்கு இறங்கும், பருமலை ஏற்றி இறக்குவது அதுதான். பாயைச் சுருட்டியிருந்தால் பருமலும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாகப் புடைப்பு. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பாயை நனைத்து, பாட்டில் மேல் போட்டுக் காயவிடுங்கள். பாய் முன்னோக்கிப் புடைத்தால் காற்று பின்னாலிருந்து வருகிறது என்று அர்த்தம், அப்படியானால் கொடியும் முன்னோக்கித்தானே பறக்கும்? காசு கொட்டி வாங்கிய மாடல்களில்கூட கொடி பின்னால் பறப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நீங்களாவது கொடியை ஒட்டுவதற்கு முன் பாயை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.