சிட்னியில் உளித்தடம் தேடி ஒரு புதையல் நடை: நீங்களே அமைப்பது எப்படி?

பழைய கற்சுவர்களில் கல் வெட்டியவர்களின் உளித்தடங்களைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கும் நடை இது. போன பள்ளி விடுமுறையில் என் பிள்ளைகள் இருவரோடும் இதை இரண்டு முறை நடத்தினேன். முதல் முறை, இருபது நிமிடத்தில் சின்னவள் ஐஸ்கிரீம் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறை, இருட்டும் நேரத்தில் இருவரையும் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. எங்கே தவறினேன் என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. பாதை

சர்குலர் கீ நிலையத்தில் இறங்கி, தி ராக்ஸ் என்னும் பழைய பகுதி வழியாக ஆர்கைல் தெருவைப் பிடியுங்கள். ஆர்கைல் கட் (குன்றைப் பிளந்த வழி), கேரிசன் தேவாலயம், பரங்காரூ ரிசர்வ் (கரையோரப் பூங்கா) மூன்றும் ஒரே தெருவின் போக்கில் வருகின்றன. வேறு இடம் சேர்க்காதீர்கள். ஏழு வயதுக் கால்களுக்கு இது போதும்.

2. அட்டைகள்

நான்கு அட்டை, நான்கு உறை. கைபேசிச் செயலிகள் வேண்டாம். பிள்ளைகள் சுவரை விட்டுத் திரையைப் பார்ப்பார்கள். எதையும் பொது இடத்தில் ஒளித்து வைக்கவும் வேண்டாம். உறைகள் உங்கள் பையில் இருக்கட்டும், விடை சொன்னால் அடுத்தது கைக்கு வரும்.

முதல் முறை நான் எழுதிய கேள்விகள் எல்லாம் 'எந்த ஆண்டு? யார் கட்டியது?' என்ற ரகம். அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதும் தேர்வாகிவிட்டது. பிறகு விடுகதையாக மாற்றினேன். ஆர்கைல் கட்டுக்கு எழுதியது இது: 'ஆயிரம் காயம் பட்டவன், அழவே தெரியாதவன், நடுவில் வழிவிட்டு நிற்பவன். யார்?'

3. சாய்ந்த வெளிச்சம் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

ஆர்கைல் கட் என்பது மணற்பாறைக் குன்றைப் பிளந்து போட்ட தெரு. 1843இல் கைதிகள் கையால் வெட்டத் தொடங்கினார்கள். வேலை இடையில் நின்றுபோய், பிறகு வெடிமருந்தின் உதவியோடு 1859இல்தான் முடிந்தது. சுவரில் கைக்கருவிகளின் தடங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் நாங்கள் முதலில் போனபோது எனக்கே ஒன்றும் தெரியவில்லை. வெறும் அழுக்குச் சுவர்.

காரணம் வெளிச்சம். நேராக அடிக்கும் ஒளியில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நிழல் விழுந்து, சாய்வான கோடுகள் வரிசையாக எழும்பி வரும். கைபேசி விளக்கு சரிப்படாது. அதன் ஒளி பரந்துவிடும். குவிந்த ஒளி தரும் மலிவான டார்ச் போதும்.

இரண்டாம் முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் உடன் வந்தார். டார்ச் அடித்ததும், "இது அம்மி கொத்தினது போலவே இருக்கிறதே!" என்றார். அதற்குப் பிறகு என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அம்மி தேய்ந்தால் தெருவில் வருபவரைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லும் கதை, சுவர் முடியும்வரை ஓடியது.

ஒரு எச்சரிக்கை: இது வண்டிகள் ஓடும் தெரு. நடைபாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

4. தேவாலயமும் எட்டும்

ஆர்கைல் கட்டைத் தாண்டியதும் கேரிசன் தேவாலயம். இங்கே அட்டையில் 'எட்டு' என்ற எண்ணை மட்டும் எழுதினேன். 1855இல் இந்தத் தேவாலயத்திலும் அருகில் இன்னொன்றிலும் வேலை செய்த கல்தச்சர்கள் போராடி எட்டு மணிநேர வேலைநாளைப் பெற்றார்கள். பெரியவன் எட்டுத் தூண் என்றான், எட்டு ஜன்னல் என்றான், கடைசியில் தோற்றான். "அப்படியென்றால் அதற்கு முன்னால் எத்தனை மணிநேரம்?" என்று அவன் திருப்பிக் கேட்டதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

5. பரங்காரூவில் ஒப்பீடு

2015இல் திறந்த பூங்கா. கரையில் அடுக்கியிருக்கும் கற்பாளங்களில் பெரும்பாலானவை அதே இடத்தில் வெட்டி எடுத்தவை. ரம்பத்தால் அறுத்த கல்லின் முகத்தைத் தடவச் சொல்லுங்கள். ஆர்கைல் கட்டின் சுவரோடு உள்ள வேறுபாடு விரலுக்கே தெரியும். கடைசி அட்டை: 'துருவால் கோலம் போட்ட கல் எது?' இரும்புச் சத்து படிந்த செம்பழுப்பு வளையங்கள்தான் விடை. கண்டுபிடித்தவருக்குக் கடலை மிட்டாய்.

பின்னர் சேர்த்தது: காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடத்தை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். மணற்கல் பொரிந்து உதிரும். டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அட்டையை நீங்களே படித்துக்காட்டுங்கள். விடுகதை காதுக்குத்தான் இனிக்கும்.

இன்னொருவர், சிட்னியின் பழைய குவாரிப் பகுதியான பிர்மான்ட் ஏன் பாதையில் இல்லை என்று கேட்டார். அதற்குத் தனி நாள் வேண்டும். நகரின் பெயர்பெற்ற மஞ்சள் கல் அங்கிருந்துதான் வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் அதைப் பார்க்கலாம். வெட்டும்போது வெளிர்சாம்பலாக இருக்கும் கல், காற்றுப்பட்டு உள்ளிருக்கும் இரும்பு மாறுவதால் மஞ்சளாகும். அங்கிருந்த குவாரிகளுக்குச் சொர்க்கம், உத்தரிக்கிற ஸ்தலம் (பாவம் தீர்க்கும் இடம்), நரகக்குழி என்று பொருள்படும் பெயர்கள். சின்னவள் இப்போதே நரகக்குழிக்குத்தான் முதலில் போகவேண்டும் என்கிறாள்.