ஃப்ரீபிஎஸ்டியில் டிஸ்க் டிரைவர் விவரத்தை எழுதுவது எப்படி

ஃப்ரீபிஎஸ்டி என்பது லினக்ஸ் போல இலவசமான ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். எந்த டிஸ்க் அமைப்பு அதில் ஓடும் என்ற குறிப்பை அதன் ஆவணத்தில் நாமும் சேர்க்கலாம். ஆனால் "என்கிட்ட சீகேட் டிஸ்க், ஃப்ரீபிஎஸ்டி நல்லா ஓடுது" என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. சாட்டா (கேபிளால் போர்டில் இணையும்) டிஸ்க்கைப் பொறுத்தவரை டிரைவர், அதாவது ஹார்ட்வேரை இயக்கும் மென்பொருள், ஏறி உட்காருவது போர்டில் இருக்கும் கண்ட்ரோலர் (டிஸ்க்கோடு பேசும் சிப்) மேல். அதே டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டினால் வேறு டிரைவர் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். என்விஎம்இ (புதுவகை எஸ்எஸ்டி) மட்டும் வேறு, அதில் கண்ட்ரோலர் டிஸ்க்கிலேயே இருக்கிறது. எனவே முதலில் எழுத வேண்டியது கண்ட்ரோலரின் எண்.

வேலூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்க மெஷினுக்குப் பஞ்சமில்லை. காட்பாடியில் படிப்பு முடிந்த பிள்ளைகள் விற்றுவிட்டுப் போகும் லேப்டாப், குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் கடைகளில் பில் போடும் பழைய அசெம்பிள் செட், அப்புறம் 2011இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இந்தக் கடைசி வகையை விடவே விடாதீர்கள், ஒரே மாடல் எத்தனையோ வீடுகளில் இருப்பதால் ஒருவர் சரியாக எழுதினால் அத்தனை பேருக்கும் அது உதவும்.

அடுத்தவர் மெஷின் என்றால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, ஃப்ரீபிஎஸ்டியின் இமேஜ் ஃபைலைப் பென்டிரைவில் எழுதி பூட் செய்து, வரும் மெனுவில் லைவ் முறையைத் தேர்ந்தெடுத்து ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழையுங்கள். பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி என்ற இரண்டு ஆப்ஷனோடு (pciconf -lv) கொடுத்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பத்தி வரும். அதில் வரியின் தொடக்கத்தில் ஏஹெச்சிஐ0 (ahci0), ஏடிஏபிசிஐ0 (atapci0) என்று டிரைவர் பெயர் இருக்கும், நன் (none) என்று தொடங்கினால் அந்தச் சாதனத்தை எந்த டிரைவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். வெண்டார் எண் (தயாரித்த நிறுவனம்), டிவைஸ் எண் (சிப்), கிளாஸ் எண் (சாதன வகை) மூன்றையும் அப்படியே பதியுங்கள், கையால் தட்டாமல் ஃபைலில் சேமியுங்கள்.

இங்கே பலர் விட்டுவிடுவது பயாஸ் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்பு. இன்டெல்லின் ஐசிஹெச்9 வகைச் சிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஹெச்சிஐ முறையில் (சாட்டாவுக்கான புதிய முறை) 8086:2922 என்று காட்டும் (முதலில் வெண்டார் எண், அடுத்து டிவைஸ் எண்), கிளாஸ் 010601. பயாஸில் ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றினால் அதே சிப் 8086:2920 ஆகிவிடும், கிளாஸ் 0101 என்று தொடங்கும், ஏஹெச்சிஐக்குப் பதில் ஏடிஏ (ata) டிரைவர் வந்து உட்காரும். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும்) முறைக்கு மாற்றினால் எண் இன்னொரு முறை மாறும். ஆக, பயாஸில் என்ன இருந்தது என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். முடிந்தால் ஏஹெச்சிஐ, ஐடிஇ இரண்டு முறையிலும் பூட் செய்து இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து சோதனை. கேம்கண்ட்ரோல் டெவ்லிஸ்ட் (camcontrol devlist) கட்டளையில் டிஸ்க் தெரிகிறதா பாருங்கள். ஏடிஏ0 (ada0) என்று வரும், 9.0க்கு முந்தைய வெளியீடுகளில் ஏடி (ad) என்ற பழைய பெயர், அதனால் பழைய குறிப்பை அப்படியே நகல் எடுக்காதீர்கள். வேகம் அளக்கும் டிஸ்க்இன்ஃபோவை டி ஆப்ஷனோடு (diskinfo -t) ஓட்டினால் படித்து மட்டுமே பார்க்கும், எதையும் அழிக்காது.

பிழை வந்தால் உடனே டிரைவர் மேல் பழி போட வேண்டாம். டிமெசேஜில் (dmesg, கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஐசிஆர்சி (ICRC) என்று இருந்தால் பெரும்பாலும் கேபிள், மாற்றிப் பாருங்கள். யுஎன்சி (UNC) என்றால் டிஸ்க்கிலேயே படிக்க முடியாத செக்டர் இருக்கிறது. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது, மூடிய அறையில் தூசி அடைத்த கேபினெட்டை வைத்துக்கொண்டு டைம்அவுட் (டிஸ்க் நேரத்துக்குள் பதில் தரவில்லை) வருகிறது என்று எழுதுவது நியாயமில்லை. தூசி தட்டி, நல்ல டிஸ்க் ஒன்றை மாட்டி, மறுபடி ஓட்டியும் அதே பிழை வந்தால் அப்போது டிரைவரைப் பற்றி எழுதுங்கள்.

எங்கே எழுதுவது? மேன் பக்கங்களின் (ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் கையேடு) 4ஆம் பிரிவில் ஒவ்வொரு டிரைவருக்கும் பக்கம் உண்டு, அதில் ஹார்ட்வேர் என்ற தலைப்புதான் நமக்கு வேண்டியது. வெளியீட்டோடு வரும் ஹார்ட்வேர் குறிப்புகள் அந்தப் பகுதியிலிருந்துதான் உருவாகின்றன, எனவே அங்கே திருத்தினால் போதும். ஆனால் கண்ணில் பட்ட சிப்பையெல்லாம் சேர்க்கக் கூடாது. ஏஹெச்சிஐ பக்கம் சிப் பெயரை அடுக்காமல் கிளாஸை வைத்தே ஆதரவைச் சொல்கிறது, அங்கே 2922 என்று இன்னொரு வரி வெறும் சுமை. சேர்க்க வேண்டியது விதிவிலக்குகளைத்தான்: கிளாஸ் சரியாக இருந்தும் ஓடாதது, பக்கத்தில் பெயர் இல்லாமலே ஓடுவது, பக்கத்தில் பெயர் இருந்தும் நன் என்று நிற்பது.

பக்கம் எம்டாக் (மேன் பக்கம் எழுதும் குறியீட்டு முறை) நடையில் இருக்கும். திருத்தியதும் மேலே உள்ள தேதி வரியை மாற்றுங்கள், குறியீட்டுப் பிழைகளைக் காட்டும் மேண்டாக்கின் லின்ட் சோதனையை (mandoc -T lint) ஓட்டுங்கள். பேட்சைப் (திருத்தம் அடங்கிய ஃபைல்) பக்சில்லாவில் (ஃப்ரீபிஎஸ்டியின் பிழைப் பதிவுத் தளம்) இணைக்கலாம், கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டாகவும் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பலாம். கூடவே யுநேம் (uname, எந்தப் பதிப்பு என்று காட்டும் கட்டளை) தரும் வரி, பிசிஐகான்ஃப் பத்தி, பூட் செய்தி முழுவதும், பயாஸ் முறை ஆகியவற்றையும் சேருங்கள். அனுப்பும் முன் டிஸ்க்கின் சீரியல் எண்ணை அழித்துவிடுங்கள், அது மெஷின் சொந்தக்காரருடையது. ஓடாத மெஷினைப் பற்றியும் இதே விவரங்களோடு அனுப்புங்கள், பழைய போர்டு வாங்கக் கடையில் நிற்கிறவருக்கு அந்தப் பதிவுதான் முதலில் வேண்டும்.